நிலைகுலையும் யந்திரம்: ஓவர்கிளாக் செய்த கணினியில் குறை காணும் முறை

முந்திய அத்தியாயத்தில் ப்ராசஸரின் மல்டிப்ளையரை உயர்த்தும் விதத்தையும், அதற்குத் தக்க வோல்டேஜைப் பயாஸில் பதியும் விதத்தையும் பார்த்தோம். அந்த அளவோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆயிற்று. ஏனெனில் வேகத்தை ஏற்றுவது இரண்டு நிமிஷக் காரியமென்றால், ஏற்றிய வேகத்தில் யந்திரம் பிழையின்றி ஓடுகிறதா என்று நிச்சயித்துக்கொள்வதும், ஓடவில்லையானால் எந்த உறுப்பினால் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதும் சில சமயம் இரண்டு வாரக் காரியமாக நீண்டுவிடும். பொறுமை இல்லாதவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிப்பதைவிட, கணினியைக் கம்பெனி நிர்ணயித்த வேகத்திலேயே ஓடவிட்டுவிடுவது உத்தமம்.

நிலைத்தன்மை என்பது கணினி அணையாமல் இருப்பது மட்டுமே என்று எண்ணுவோர் பலர். அணைந்துபோவதும், திரை உறைந்துபோவதும், நீலத்திரை தோன்றுவதும் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். அவற்றைக் காட்டிலும் பொல்லாதது, யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது கணக்கு மாத்திரம் தவறிப்போவது. உறைந்துபோன கணினி நம்மை எச்சரித்துவிட்டு நிற்கிறது. உறையாமல் தவறான விடையை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைக்கும் கணினியோ, ஆறு மாதம் கழித்து நாம் ஒரு கல்யாண ஆல்பத்தைத் திறக்கும்போது, பாதிப் படங்களில் சாம்பல் நிறப் பட்டைகளைக் காட்டித்தான் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும். ஆகையால், குறை காணும் வேலையில் இறங்குமுன் முக்கியமான ஃபைல்களை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட தவறுகள் எவ்வளவு விசித்திரமாக வெளிப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிவரும் ரேமண்ட் சென் என்ற பொறியாளர் 2005-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பில், தம் சகா ஒருவர் ஆராய்ந்த விண்டோஸ் கோளாறு அறிக்கைகளைப் பற்றிச் சொல்கிறார். அவ்வறிக்கைகளில் சிலவற்றில், ப்ராசஸரின் உள்ளிருக்கும் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையிலே புரோகிராம் விழுந்துகிடந்தது. அந்தக் கட்டளை ரேமைத் தொடுவதில்லை, டிஸ்க்கைத் தொடுவதில்லை, தோற்றுப்போவதற்கு அதில் இடமே கிடையாது. விசாரித்துப் பார்த்ததில், அந்தக் கணினிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் சிலருக்கோ அந்தச் சங்கதியே தெரியாது, சிறிய கடைகளில் வாங்கும்போதே வேகம் ஏற்றி விற்கப்பட்டிருந்தன. கடையில் அசெம்பிள் செய்த கணினியை வாங்குகிறவர்கள் முதல் காரியமாகப் பயாஸைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பொதுப்படையாகப் பேசினால் மனத்தில் நிற்காது. ஆகவே, 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்து, இன்றும் பல வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கும் இன்டெல் கோர் ஐ7-8700கே ப்ராசஸரையும், இசட்370 சிப்செட் கொண்ட மதர்போர்டு ஒன்றையும், 3200 வேகம் என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்4 ரேம் இரண்டையும் நம் உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆறு கோர்களும் ஒருங்கே உழைக்கும்போது இந்த ப்ராசஸருக்கு இன்டெல் விதித்த வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையரை 50 என்று வைத்து, 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்போடு பெருக்கி, அதை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவதே இந்த ப்ராசஸரை வாங்கிய பலருடைய ஆசை.

இந்த ஆசை நிறைவேறும்போது உள்ளே நடப்பது என்ன? 4.3 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஏறக்குறைய 233 பிக்கோ செகண்டு அவகாசம் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸிலோ 200 பிக்கோ செகண்டுதான். ஒரு துடிப்புக்குள் முடிய வேண்டிய வேலை எத்தனையோ டிரான்சிஸ்டர்களின் வழியாக வரிசையாகச் சென்று முடிய வேண்டும். அப்படிப்பட்ட எண்ணற்ற பாதைகளுள் மிக நீண்ட பாதை எதுவோ, அதில் செல்லும் சைகை 200 பிக்கோ செகண்டுக்குள் வந்து சேரவில்லையானால், அடுத்த துடிப்பு பழைய மதிப்பையோ அரைகுறை மதிப்பையோ எடுத்துக்கொண்டு போய்விடும். வோல்டேஜை உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறுகின்றன. ஆகவே அந்த நீண்ட பாதையும் நேரத்துக்குள் முடிகிறது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை சாமான்யமானதன்று. செலவாகும் மின்சக்தி வேகத்தின் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறுவதால், 1.20 வோல்ட்டில் 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ப்ராசஸரை 1.35 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், வேகம் நூற்றுக்குப் பதினாறு ஏறும்போது மின்சக்தி நூற்றுக்கு நாற்பத்தேழு ஏறிவிடுகிறது. உஷ்ணம் ஏறினால் மின்கசிவும் ஏறி, பிழையின்றி ஓடுவதற்கு இன்னும் சற்று அதிக வோல்டேஜ் தேவைப்படும். அந்த வோல்டேஜ் மீண்டும் உஷ்ணத்தை ஏற்றும். கோளாறு எதுவாயினும் வோல்டேஜைக் கூட்டு என்று நண்பர்கள் சொல்லும் யோசனை பல சமயம் பலிக்காமற்போவதற்கும், சில சமயம் கோளாற்றை அதிகப்படுத்துவதற்கும் இந்தச் சுழற்சியே காரணம்.

ஆகவே முதற்படி, கூட்டுவதன்று, குறைப்பது. பயாஸில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பி, ரேமைப் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணைத்துவிட்டு, அந்த நிலையில் கணினியை ஒரு நாள் முழுதும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கோளாறு தோன்றுமானால், ஓவர்கிளாக்கிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரியாகச் செருகாத ரேமோ, பின் வளைந்த சாக்கெட்டோ, சாகும் தறுவாயில் உள்ள எஸ்.எஸ்.டி.யோ காரணமாக இருக்கலாம். இதைச் செய்யாமல் வேகத்தோடு மல்லுக்கட்டிக் காலத்தைப் போக்குகிறவர்களே அதிகம்.

ஆரம்ப நிலை என்று பயாஸ் சொல்வதையும் அப்படியே நம்பிவிட முடியாது. மல்டி-கோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரிலோ அதை ஒத்த வேறு பெயரிலோ ஓர் அமைப்பை மதர்போர்டு தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கோருக்கு மட்டும் அனுமதித்த 4.7 கிகாஹெர்ட்ஸை ஆறு கோர்களுக்கும் அது வழங்கிவிடுகிறது. நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க, நம் சார்பில் மதர்போர்டு ஓவர்கிளாக் செய்திருக்கும். எக்ஸ்எம்பியும் அப்படியே. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் உறுதி அளித்த ரேம் வேகம் 2666 மாத்திரமே. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருப்பது ரேம் சில்லுகளுக்குக் கொடுத்த வாக்குறுதியே தவிர, ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அதை நிறைவேற்றும் என்பதற்கு உத்தரவாதமன்று.

ஆரம்ப நிலையில் குறையில்லை என்று தெரிந்த பின், ஒரு சமயத்தில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் சோதிக்கும் விரதத்தைக் கைக்கொள்ள வேண்டும். ரேம் வேகத்தையும் கோர் வேகத்தையும் ஒரே இரவில் ஏற்றிவிட்டு, விடியற்காலையில் நீலத்திரையைக் கண்டால், இரண்டில் எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சாதாரண நோட்டுப்புத்தகம் எடுத்து, தேதி, மல்டிப்ளையர், வோல்டேஜ், செய்த பரீட்சை, எவ்வளவு நேரத்தில் தோற்றது, அப்போது உஷ்ணம் எவ்வளவு, அறையின் உஷ்ணம் எவ்வளவு என்று எழுதிவர வேண்டும். மூன்றாம் நாள் நம் ஞாபகத்தில் இருப்பது பெரும்பாலும் கற்பனையாகத்தான் இருக்கும்.

முதலில் கோர். ரேமை 2133-லோ 2666-லோ விட்டுவிட்டு, மல்டிப்ளையரை மட்டும் 47, 48 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இருபது நிமிஷமாவது ப்ரைம்95 புரோகிராமை ஓட்ட வேண்டும். பகா எண்களுள் ஒரு வகையான மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996-இல் தொடங்கிய கூட்டுமுயற்சிக்கென்று ஏற்பட்டது இந்தப் புரோகிராம். பல லட்சம் இலக்கமுள்ள எண்களை இரவும் பகலும் பெருக்கும் அந்த வேலையில் ஓர் இலக்கம் தவறினாலும் எல்லாம் வீணாகிவிடும் என்பதால், பிழையைத் தானே கண்டுகொள்ளும் வழியை அதில் அமைத்திருக்கிறார்கள். அந்த வழி ரசமானது. பெரிய எண்களைத் துண்டு துண்டாக்கி, தசம எண்களாக மாற்றி, ஃபூரியே உருமாற்றத்தின் (எஃப்எஃப்டி) மூலம் பெருக்கும்போது, இறுதியில் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு முழு எண்ணுக்கு மிக நெருங்கி இருக்க வேண்டும். 17.02 என்று வந்தால் அது 17 என்று தயக்கமின்றி முடிவு கட்டலாம், 17.5 என்று வந்தால் அது 17-ஆ, 18-ஆ என்று சொல்ல வழியில்லை. ஆகையால், வித்தியாசம் 0.4-க்குள் இருக்க வேண்டும், 0.5 இருக்கிறது, ஹார்ட்வேர் கோளாறு என்று ஒரு வரியை எழுதிவிட்டு, அந்தக் கோரின் வேலையை அது நிறுத்திவிடும். மற்ற ஐந்து கோர்களும் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் உபயோகம் நூறிலிருந்து எண்பத்து மூன்றுக்கு இறங்கியிருப்பதைக் கவனிக்காதவர், எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நினைத்துத் தூங்கப் போய்விடுவார். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஜன்னலின் கடைசி வரியையும் படித்தே தீர வேண்டும்.

ப்ரைம்95-இல் சிறிய எஃப்எஃப்டி, பெரிய எஃப்எஃப்டி, பிளெண்ட் என்று பரீட்சைகள் உண்டு. சிறியது ப்ராசஸரின் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ரேமைப் பெரும்பாலும் தொடாது. கோரையும் உஷ்ணத்தையும் தனியே சோதிக்க அதுவே தக்கது. பெரியதும் பிளெண்டும் மெமரி கன்ட்ரோலரையும் ரேமையும் இழுத்துக்கொள்ளும். சிறியதில் இரவு முழுதும் தேறிய யந்திரம் பிளெண்டில் பத்து நிமிஷத்தில் விழுமானால், கோர் வோல்டேஜைக் கூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிவதாகவே முடியும். பார்க்க வேண்டிய இடம் ரேமின் பக்கம்.

ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே துடிப்பில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் இந்தக் கட்டளைகள் மின்சாரத்தை வாரி உறிஞ்சும். 8700கே போன்ற ப்ராசஸரில் மூடிக்கும் சிலிக்கனுக்கும் இடையே ஈயப்பற்றுக்குப் பதிலாகச் சாதாரண தெர்மல் பேஸ்ட்தான் இருப்பதால், பெரிய ஹீட்சிங்க் வைத்திருந்தாலும் ஏவிஎக்ஸ் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் உஷ்ணம் 100 டிகிரியைத் தொட்டு, ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தேறிய பரீட்சை பரீட்சையே ஆகாது; எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு புரோகிராமில், தெர்மல் த்ராட்லிங் என்ற வரிக்கு எதிரே 'ஆம்' என்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு உபாயமாகப் பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. அதை 2 என்று வைத்தால், அக்கட்டளைகள் வரும்போது மட்டும் வேகம் 4.8-க்கு இறங்கும். இதை ஏமாற்று வேலை என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

வோல்டேஜைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பயாஸில் நாம் 1.35 என்று எழுதியது சும்மா இருக்கும்போது கிடைப்பது. ஆறு கோர்களும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது ப்ராசஸருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. மாலையில் பம்ப்செட்டுகள் ஓடத் தொடங்கியதும் வீட்டு விளக்கு மங்குவது போன்றதே இதுவும்; வழியில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால், நூறு ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். இந்தச் சரிவு ஒரு தவறன்று. சுமை திடீரென்று நீங்கும்போது வோல்டேஜ் துள்ளி எழுவதால் ப்ராசஸருக்குத் தீங்கு நேராமல் இருக்க வேண்டி, பொறியாளர்கள் வேண்டுமென்றே வைத்தது. லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு இந்தச் சரிவைக் குறைக்கிறது. அதை உச்ச அளவில் வைத்தால் திரையில் தெரியும் எண் அசையாமல் நிற்பது கண்டு மனம் மகிழும். ஆனால் சுமை மாறும் அந்த நொடியின் கோடியில் ஒரு பங்கில் வோல்டேஜ் துள்ளுவதையும் தாழ்வதையும் எந்தப் புரோகிராமும் காட்டாது. பரீட்சை ஓடும்போது ஒரு குறையுமில்லாமல், பரீட்சையை நிறுத்தும் தருணத்திலோ விளையாட்டு ஒன்றில் காட்சி மாறும் தருணத்திலோ கணினி உறைகிறதென்றால், இந்த அமைப்பை ஒரு படி இறக்கி, அடிப்படை வோல்டேஜை 0.02 ஏற்றிப் பார்ப்பது நல்லது. நடுத்தர அளவைத் தாண்டி அதை வைப்பதில் லாபமில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுமையில் நிற்கும் கணினி சும்மா இருக்கும்போது விழுவது வேறொரு ரகம். ஆஃப்செட் முறையில் வோல்டேஜைக் குறைத்திருந்தால், வேகம் இறங்கி ஓய்ந்திருக்கும் நேரத்தில் வோல்டேஜ் மட்டுமீறித் தாழ்ந்து, நள்ளிரவில் ஆளில்லாத அறையில் கணினி தானே மறுதொடக்கம் ஆகியிருக்கும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பைப் பயன்படுத்துவோருக்கு இது நித்திய அனுபவம். எல்லாக் கோர்களும் ஒருங்கே உழைக்கும்போது வேகம் அடங்கியிருப்பதால் பரீட்சைகள் சுலபமாகத் தேறிவிடும். ஒரே ஒரு கோர் இலேசான வேலையில் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் குறைத்த வோல்டேஜ் போதாமற்போகும். அங்கே கோர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற கருவியே உதவும். எல்லாக் கோர்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுப்பதும் தவறு, ஏனெனில் ஒரே சில்லில் இருந்தாலும் அவற்றின் சுபாவம் ஒன்றாக இருப்பதில்லை.

விழுந்த கணினி விட்டுச் செல்லும் தடயங்களில் முதன்மையானது நீலத்திரையின் எண். 124 என்ற எண், ஹார்ட்வேர் தன் பிழையைத் தானே அறிவித்ததைக் குறிக்கும். 101 என்பது ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் சொல்லாமல் நின்றுவிட்டதைக் குறிக்கும். ஓவர்கிளாக் செய்த யந்திரத்தில் இவ்விரண்டும் தோன்றினால் கோர் வோல்டேஜ் போதவில்லை என்ற அனுமானம் பெரும்பாலும் சரியாக இருக்கும். 1ஏ, 50 என்ற எண்கள் ரேமின் பக்கம் கையைக் காட்டுகின்றன. எனினும் இவற்றை ஜோதிடம் போல நம்பக் கூடாது. தவறிய ஒரு பிட் எங்கே போய் விழுந்ததோ, அதைப் பொறுத்தே எண் அமையும். இதைவிட நம்பத்தக்க சாட்சி விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருக்கிறது. சிஸ்டம் என்ற பகுதியில் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் 19 என்ற எண்ணுடன் வரிகள் இருக்குமானால், பிழை நேர்ந்து, ப்ராசஸர் அதைத் தானே திருத்திக்கொண்டது என்று பொருள். கணினி விழவில்லை, பரீட்சையும் தேறியது. ஆயினும் அந்த வரி, விளிம்பில் நிற்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த வரியைத் திறந்தால் ஏபிஐசி எண் என்று ஒன்று இருக்கும். நம் 8700கே-யில் 0-உம் 1-உம் முதல் கோர், 2-உம் 3-உம் இரண்டாம் கோர் என்று இரண்டிரண்டாக வகுத்துக்கொண்டால், எந்தக் கோர் பலவீனமானது என்பது வெளிப்படும். ஒரே கோர் திரும்பத் திரும்ப வருமானால், அந்தக் கோரின் பலத்துக்குத் தக்கபடி மல்டிப்ளையரை ஒன்று குறைக்கலாம்.

கோர் தேறிய பின் ரேமுக்கு வருவோம். இங்கே ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். கோர் தவறினால் கணினி விழும். ரேம் தவறினால், தவறிய பிட்கள் மெல்ல டிஸ்க்கில் போய்ச் சேரும். ஆகையால் ரேம் வேகத்தை மாற்றிய பின் நேராக விண்டோஸுக்குள் நுழையாமல், மெம்டெஸ்ட்86+ புரோகிராமை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, குறைந்தது நான்கு சுற்றாவது ஓட்ட வேண்டும். ஓர் இரவில் ஒரே ஒரு பிழைதான் வந்தது, பரவாயில்லை என்பவர்கள் உண்டு. ரேம் விஷயத்தில் பரவாயில்லை என்பதற்கு இடமில்லை. பிழை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். அது தேறிய பின்னரே, விண்டோஸுக்குள் பிளெண்ட் போன்ற கடுமையான பரீட்சைகளை ஓட்டலாம். மெம்டெஸ்டில் தேறி அங்கே தோற்கும் ரேம்களும் உண்டு.

ரேம் தோற்றால், வோல்டேஜைத் தொடுமுன் அது செருகப்பட்ட இடத்தைப் பாருங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம்களைச் செருகும்போது, பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளே உரியவை. மற்றவற்றில் செருகினால், கடைசியில் காலியாக விட்ட ஸ்லாட்டின் தடங்களிலிருந்து சைகை எதிரொலித்து, குறைந்த வேகத்தில் தெரியாத பிழைகள் அதிக வேகத்தில் தலைகாட்டும். இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் வாங்கிய ரேம்களைச் சேர்த்து நான்காகப் போட்டவர், ஒவ்வொரு ஜோடியும் தனியே 3200-இல் ஓடியது என்று சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கும். நான்கும் சேர்ந்து 2933-இல் ஓடினால் திருப்தி அடைய வேண்டியதுதான். இடமும் ஜோடியும் சரியாக இருந்தும் பிழை வருமானால், ரேம் வோல்டேஜ் 1.35 என்று சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பின் மெமரி கன்ட்ரோலருக்குரிய விசிசிஎஸ்ஏ, விசிசிஐஓ என்ற இரண்டு வோல்டேஜ்களைக் கவனிக்க வேண்டும். இவற்றை ஆட்டோவில் விட்டால், எக்ஸ்எம்பியை இயக்கியவுடன் சில மதர்போர்டுகள் தேவைக்கு மீறி 1.3 வோல்ட்டுக்கு மேலும் தள்ளிவிடுகின்றன. கையால் 1.15-இலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்ப்பதே விவேகம். சில சமயம் அதைக் குறைத்ததனாலேயே பிழை நிற்பதும் உண்டு.

உஷ்ணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது நம் நாட்டு நூல்களின் கடமை. குளிர்நாடுகளில் எழுதும் நூல்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஹீட்சிங்க் செய்யும் வேலை, அறையின் உஷ்ணத்தைவிட இத்தனை டிகிரி மேலே ப்ராசஸரை நிறுத்துவது மாத்திரமே. மார்கழி இரவில் 25 டிகிரி அறையில் 85 டிகிரியில் தேறிய கணினி, அக்கினி நட்சத்திரத்துப் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாத 38 டிகிரி அறையில், அதே பரீட்சையில் 98-ஐத் தொடும். டிசம்பரில் தேறியது மே மாதத்தில் விழுந்தால் யந்திரம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. கடைசிப் பரீட்சையைக் கோடையில் செய்திருந்தால் இந்தக் கலக்கமே நேர்ந்திராது. நூறு மெகாஹெர்ட்ஸ் குறைவான கோடைக்கால அமைப்பு ஒன்றைப் பயாஸில் தனிப் பெயரில் சேமித்து வைத்துக்கொள்வது உசிதம். ப்ராசஸரைத் தவிர, அதற்கு மின்சாரம் வழங்கும் விஆர்எம் சில்லுகளும் சுடும். அவற்றின் மேலுள்ள சிறிய ஹீட்சிங்கின் மீது காற்றுப் படாவிட்டால், அரை மணி நேரம் நன்றாக ஓடிய பின் ப்ராசஸரின் வேகம் திடீரென்று பாதியாகும்.

கணினி முழுவதற்கும் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் குறைகள் பெரும்பாலும் எந்தத் தடயமும் விடுவதில்லை. நீலத்திரை தோன்றாமல், பிழை வரியும் எழுதாமல், விளக்கை அணைத்தது போல் கணினி பட்டென்று அணைந்தால், முதல் சந்தேகம் அதன் மேல் விழ வேண்டும். ப்ராசஸருக்குரிய எட்டுப் பின் கனெக்டர் கிளிக் என்ற சப்தத்துடன் பூட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். 12 வோல்ட் கம்பியில் சுமையின்போது மல்டிமீட்டர் 11.4-க்குக் கீழே காட்டினால் அது விதிகளுக்குப் புறம்பானது. மென்பொருள் காட்டும் எண்ணை இதற்கு நம்பக் கூடாது. மின்சாரம் போய் யூ.பி.எஸ். பொறுப்பேற்கும் கணத்தில் மட்டும் கணினி அணைகிறதென்றால், ஓவர்கிளாக்கைப் பழிக்க வேண்டாம். விலை மலிந்த யூ.பி.எஸ்.கள் தரும் சதுர அலை, ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களுக்குச் சில சமயம் ஒவ்வாது. வேகம் ஏற்றியதால் கூடிய சுமை அதை வெளிக்காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய யந்திரம், எதையும் மாற்றாமலே நிலைகுலையத் தொடங்குவதும் உண்டு. அதிக வோல்டேஜும் அதிக உஷ்ணமும் டிரான்சிஸ்டர்களை நாளடைவில் தளர்த்திவிடுகின்றன, நேற்று 1.35 போதுமென்றிருந்த வேகத்துக்கு இன்று 1.37 தேவைப்படும். 2024-இல் இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில், ஓவர்கிளாக் செய்யாதவற்றிலும்கூட, இப்படிப்பட்ட தளர்ச்சி வெளிப்பட்டது. பல விளையாட்டுகள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று அறிவித்துவிட்டு மூடிக்கொண்டன, கிராபிக்ஸ் கார்டின் மேல் குற்றம் சுமத்தி அதை மாற்றியவர்களுக்கும் பலன் கிடைக்கவில்லை, குற்றவாளி ப்ராசஸரே. அளவுக்கு மீறிய வோல்டேஜைத் தடுக்கும் 129 என்ற மைக்ரோகோடை அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. தளர்ந்துபோன சில்லை அந்த மைக்ரோகோடு பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆகையால், தளர்ச்சியின் அறிகுறி கண்டவுடன் வோல்டேஜைக் கூட்டித் துரத்திக்கொண்டு போகாமல், மல்டிப்ளையரை ஒன்றோ இரண்டோ இறக்குவதே செய்யத் தக்கது. 4.9-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாப்வாட்சு இல்லாமல் எவரும் உணர்ந்ததில்லை.

எல்லாம் தேறி, விண்டோஸ் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்குமானால், பரீட்சைக் காலத்தில் நேர்ந்த வீழ்ச்சிகளில் அதன் ஃபைல்கள் சிதைந்திருக்கக் கூடும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, முதலில் செக்டிஸ்க் கட்டளையையும், பின்னர் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கட்டளையையும் ஓட்டுங்கள். சிதைந்த ஃபைல்களைத் திருத்த முடியவில்லை என்று பதில் வந்தால், வேகத்தை ஆரம்ப நிலைக்கு இறக்கி, விண்டோஸைப் புதிதாக நிறுவி, நோட்டுப்புத்தகத்தில் கடைசியாகத் தேறிய வரியில் உள்ள எண்களைப் பயாஸில் திரும்பப் பதிந்து, கழற்றி வைத்த டிஸ்க்கை அதற்குப் பின்னரே மாட்டுங்கள்.